இடஞ்சுட்டியும் எழுத்தெண்ணிக்கையும்

1. முன்னுரை

எழுத்தினை எண்ணும் வழக்கம் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. எழுத்து இவை, இத்துணைய என வரையறுத்துக்கொண்டே தொல்காப்பியம் தொடங்குகின்றது. யாப்பிலும் கட்டளைக் கலித்துறையின் அடியை, நேரசை முதலாயின் 16 எழுத்தென்றும், நிரையசை முதலாயின் 17 எழுத்தென்றும், ஒற்று நீக்கி எண்ணி வரும் மரபு உண்டு. எண்ணப் புகுமுன் எதனை ஓர் எழுத்தெனக் கொள்வது, எதனைத் தள்ளுவது எனத் துணிந்து கூறியமையே அம்மரபின் சிறப்பாகும். இன்று நம் நூல்களைத் தாங்கி நிற்கும் கணிப்பொறியும் எழுத்தை எண்ணியே இயங்குகின்றது. ஆயின் அஃது எதனை எண்ணுகின்றது என்னும் வினாவை நாம் இன்னும் செவ்வனே எழுப்பவில்லை. அவ்வினாவை ஒரு சிறு கருவியின் வாயிலாக எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் ஓர் உரைநூலின் படியைக் கணிப்பொறியில் ஏற்றி, ஏட்டுப் பாடத்தோடு ஒப்புநோக்கித் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தோம். யாம் கையாண்ட உரை திருத்தி நிரல் எழுதுவோர்க்கென அமைந்தது. பாட வேறுபாடுகளைக் குறியிட்டு வேறு வண்ணத்திற் காட்ட வல்லது என்பதனால் அதனைத் தேர்ந்தோம். நீண்ட வரி ஒன்றின் பிற்பகுதியில் ஒரு சொல்லில் விடுபட்ட புள்ளியை இட முற்பட்டோம். கர்சர் என வழங்கும் இடஞ்சுட்டி அச்சொல்லின்மேல் நின்றது. புள்ளியோ அதற்கு அடுத்த சொல்லிற் சென்று விழுந்தது. விடுபட்ட புள்ளி விடுபட்டவாறே இருக்க, பிழையின்றி இருந்த சொல்லும் பிழையுடையதாயிற்று. கண் பார்க்கும் இடம் வேறு, கை திருத்தும் இடம் வேறு என்றாகிய நிலையில், மெய்ப்பு நோக்கியபோதே நேர்ந்தது இன்னதென அறிந்தோம்.

இதனைச் சிறு இடையூறு எனத் தள்ளுதல் பொருந்தாது. ஏடெழுதுவோர் பிழையினை ஆராய்ந்து நீக்கும் பணிக்கென எடுத்த கருவியே புதிய பிழைகளை விதைக்குமாயின், பிற்காலத்தார் அவற்றையும் பாட வேறுபாடு எனக் கொண்டு ஆராய நேரும். ஆதலின் பிறழ்ச்சியின் காரணத்தை நாடுதல் கணிப்பொறியாளர்க்கு மட்டுமன்றிப் பதிப்பாசிரியர்க்கும் கடமையாகின்றது.

2. ஒரு சொல், பல எண்ணிக்கை

கொற்றவை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழறிந்தார் இதனை நான்கெழுத்துச் சொல் என்பர். ஒற்று நீக்கின் மூன்று. யூனிக்கோடு முறையிலோ இச்சொல் ஏழு குறியெண்களால் ஆகியது. ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, றகரம் ஒன்று, புள்ளி ஒன்று, மீண்டும் றகரம் ஒன்று, வகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என அவை அமையும். இவற்றை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்குங்கால் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு கொள்ளும். ஆகவே 21 பைட்டு. திரையிற் காணும் வரிவடிவங்களை எண்ணின், ககரத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாகும். வகரத்தின் முன் நிற்கும் ஐகாரக் குறியும் தனி வடிவமே. ஒற்றைப் புள்ளியோடு கூடிய ஒரே வடிவமாக எழுத்துரு வரைந்தால் ஏழும், புள்ளியைப் பிரித்து வரைந்தால் எட்டும் ஆகும்.

இவையன்றிக் கட்டக் கணக்கு என ஒன்றுண்டு. முனையத் திரைகளும், விம் போன்ற திருத்திகளும் திரையைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியெண்ணிற்கும் இத்தனை கட்டம் என ஒதுக்குகின்றன. நெடுங்காலம் வழங்கிய பொதுவிதியின்படி, இடம் கொள்ளாத குறி எனப் பட்டியலிற் குறிக்கப்பட்டவற்றிற்குக் கட்டம் இல்லை. ஏனையவற்றிற்கு ஒன்று அல்லது இரண்டு. அவ்விதிப்படி கொற்றவைக்கு ஆறு கட்டம். புள்ளி மட்டும் கணக்கில் வாராது.

ஆக, ஒரே சொல் எழுத்தால் நான்கு, குறியெண்ணால் ஏழு, பைட்டால் 21, கட்டத்தால் ஆறு என நிற்கின்றது. இவற்றுள் எதுவும் தன்னளவிற் பிழையன்று. ஓர் எண்ணிக்கையால் நகர்ந்து மற்றோர் எண்ணிக்கையால் வரைவதே பிழை. யாம் கண்ட பிறழ்ச்சி அனைத்திற்கும் இதுவே வேர்.

கட்டக் கணக்கில் வேடிக்கை ஒன்று உண்டு. நிதி, நீதி என்னும் இரு சொற்களை ஒப்பிடுக. இரண்டும் ஈரெழுத்துச் சொற்கள். இரண்டிற்கும் குறியெண் நான்கே. ஆயின் யூனிக்கோடு பட்டியலில் இகரக் குறி இடம் கொள்ளும் குறியாகவும், ஈகாரக் குறி இடம் கொள்ளாத குறியாகவும் வகுக்கப்பட்டுள்ளன. அதனால் மேற்கண்ட விதிப்படி நிதிக்கு நான்கு கட்டமும் நீதிக்கு மூன்று கட்டமும் கிடைக்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரு மாத்திரையும் அளந்த மொழியில், திரை நெடிலைக் குறுக்கி அளக்கின்றது. ஈகாரக் குறி எழுத்தின் தலைமேல் எழுதப்படுவது என்னும் நோக்கில் அப்பகுப்புக்கு ஒருவாறு அமைதி கூறலாம். ஆயின் வடிவத்தின் இயல்பு பற்றிய அப்பகுப்பினை அகலத்தின் அளவாகக் கொண்டது பொருந்தாது. ஒரு பட்டியல் எதன்பொருட்டு எழுந்ததோ அதனையன்றி வேறொன்றற்குக் கருவியாக்கியதன் விளைவு இது.

3. எழுத்துருவின் பங்கு

நிரல் எழுதுவோர்க்கான திருத்திகள் பெரும்பாலும் ஓரகல எழுத்துருவை எதிர்நோக்கி அமைந்தவை. எல்லா எழுத்தும் ஓர் அகலமுடையன எனக் கொண்டால், இடஞ்சுட்டி நிற்கவேண்டிய இடத்தைக் காண ஒரு பெருக்கலே போதும். எழுத்தின் வரிசையெண்ணை அகலத்தாற் பெருக்கினால் இடம் கிடைத்துவிடும். உரோமன் எழுத்திற்கு இது பொருந்தும். தமிழிலோ ரகரமும் ணகரமும் ஓர் அகலத்தன அல்ல. ஔகாரத்தைச் சொல்லவே வேண்டா.

இக்கருத்தின் தோற்றுவாய் தட்டச்சுப் பொறியேயாகும். அப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் தாள் ஒரே அளவு நகர்ந்தது. தமிழ்த் தட்டச்சிற் புள்ளியின் விசை தாளை நகர்த்தாத விசையாக அமைக்கப்பட்டது; புள்ளியை முதலில் அடித்து, அதன்பின் மெய்யை அடித்தனர். அங்கும் எழுத்துகள் சம அளவிற்குள் நெருக்கப்பட்டன என்பது உண்மை. எனினும் அடிக்கும் இடமும் தாளிற் காணும் இடமும் ஒன்றே. இரண்டும் பிரிந்து நிற்க அப்பொறியில் வழியே இல்லை. உரை திருத்தியிலோ எழுத்தை வரைவது ஒரு கணக்கு, இடஞ்சுட்டியை நிறுத்துவது மற்றொரு கணக்கு. தட்டச்சின் சம அளவைக் கைக்கொண்டவர்கள், அச்சம அளவினைப் பிழையின்றி நடத்திய பொறியமைப்பினைக் கைக்கொள்ளவில்லை.

இதன்மேல் மூன்று நிலைகளில் எழுத்துரு பிறழ்ச்சியை மிகுவிக்கின்றது.

முதலாவது, மாற்றெழுத்துரு. பயனாளர் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லையாயின், கணிப்பொறி வேறோர் எழுத்துருவிலிருந்து அவற்றைக் கொணர்ந்து வரைகின்றது. திருத்தி அளந்தது ஓர் எழுத்துரு. திரையில் வரைந்தது மற்றோர் எழுத்துரு. வரைந்தது அளந்ததினும் அகன்றதாயின், இடஞ்சுட்டி உண்மை இடத்திற்கு இடப்பக்கம் பின்தங்கி நிற்கும். யாம் இட்ட புள்ளி அடுத்த சொல்லிற் போய் விழுந்தமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, தடித்த வடிவம். வண்ணமிட்டுக் காட்டும் திருத்திகள் சில சொற்களைத் தடித்த எழுத்தில் வரைகின்றன. இயல்பான எழுத்தை அளந்து தடித்த எழுத்தை வரைந்தால், அச்சொற்களைக் கடந்தபின் பிறழ்ச்சி தோன்றும்.

மூன்றாவது, பழைய வடிவம். 1978 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற மேல்வளைவு பெற்ற ஒரே வடிவங்களாக அச்சிடப்பட்டன. இன்றும் அவ்வடிவங்களை வரையும் எழுத்துருக்கள் உண்டு. புதிய எழுத்துருவில் னை என்பது குறியும் எழுத்துமாக இரு வடிவம். பழைய முறை எழுத்துருவில் ஒரே வடிவம். குறியெண்களோ இரண்டிலும் அவையே. வடிவத்தை எண்ணி நகரும் திருத்தியில், எழுத்துருவை மாற்றிய அளவில் இடஞ்சுட்டியின் நடையும் மாறும். உடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் எண்ணிக்கையும் மாறுதல் கூடாது.

4. காரணம் காணும் முறை

பிறழ்ச்சி கண்டவுடன் எழுத்துருவைக் குறை கூறுதல் பலர்க்கும் இயல்பு. யாமும் முதலில் அவ்வாறே எண்ணி எழுத்துருவை மாற்றினோம்; பிறழ்ச்சி குறைந்தது, ஒழியவில்லை. ஆதலின் காரணத்தைப் படிமுறையாக நாடுதல் வேண்டும்.

முதலில், பிறழ்ச்சி வரி முழுதும் ஓரளவினதா, வரியின் இறுதி நோக்கி வளர்வதா என்று காண்க. ஒவ்வோர் எழுத்திற்கும் அரைப்புள்ளி அகலம் வேறுபட்டால், நாற்பது எழுத்துக் கடந்தபின் இருபது புள்ளி வேறுபாடு தோன்றும். வளர்வதாயின் அகலக் கணக்கே காரணம். ஒரு சொல்லைக் கடந்தவுடன் தோன்றிப் பின் மாறாது நிற்பதாயின், அச்சொல்லின் தடிப்போ கூட்டெழுத்தோ காரணமாகலாம். வண்ணமிடுதலையும் தடித்த வடிவத்தையும் நிறுத்திவிட்டு மீண்டும் காண்க.

அடுத்து, உரோமன் எழுத்து மட்டும் உள்ள வரியில் காண்க. அங்கும் பிறழின், தேர்ந்த எழுத்துரு ஓரகலத்தது அன்று என்பது பெறப்படும். அங்குப் பிறழாது தமிழ் வரியில் மட்டும் பிறழின், தமிழும் உரோமனும் ஒருங்கே உடைய எழுத்துரு ஒன்றினை இட்டுக் காண்க. அதனால் நீங்கின் மாற்றெழுத்துருவே காரணம்.

இறுதியாக, அம்பு விசையால் நகர்த்தி விசையழுத்தங்களை எண்ணுக. கொற்றவை என்னும் சொல்லைக் கடக்க நான்கு அழுத்தம் வேண்டின், அத்திருத்தி எழுத்தை அறியும். ஏழு வேண்டின், குறியெண்ணையே அறியும். 21 வேண்டின், அது தமிழுக்கு உதவாது. இச்சோதனை எழுத்துருவைச் சாராதது. எவ்வெழுத்துருவை இட்டாலும் விடை மாறாதாயின், நகரும் விதியிற் குறையுண்டா இல்லையா என்பது தெளிவாகும். எழுத்துருவோடு விடையும் மாறுமாயின், அத்திருத்தி வடிவத்தை எண்ணுகின்றது என்பது துணிவாம். இங்ஙனம் காட்சியின் குறையும் விதியின் குறையும் வேறு பிரித்து அறியப்படும். யாம் கையாண்ட திருத்தியில் இரண்டு குறையும் இருந்தமையாலேயே எழுத்துருவை மாற்றியதால் நோய் பாதியே தீர்ந்தது.

5. மாறுபட்ட கருத்துகள்

குறையை யாண்டு வைப்பது என்பதில் மூவகைக் கருத்து நிலவுகின்றது.

குறியீட்டு முறையே குறையுடையது என்பார் ஒரு சாரார். உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனிக் குறியெண் தந்தால் நகர்வும் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடும் என்பது அவர் கொள்கை. அவ்வகையில் அமைந்த டேஸ்-16 முறையை யூனிக்கோட்டுடன் தமிழ்நாட்டரசு 2010 இல் ஏற்றது. இம்முறையில் எழுத்தெண்ணிக்கை எளிதாகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அகலச் சிக்கல் அதனால் தீராது; வை ஒரே குறியெண் ஆயினும் ரகரத்தின் அகலத்தது ஆகாது. மேலும் அது யூனிக்கோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால், ஏற்பாடு செய்துகொள்ளாத பிற கணிப்பொறிகள் அதனைத் தமிழென அறியா.

இங்கு இலக்கணத்தையும் துணைக்கொள்ளல் தகும். ஒலிநிலையில் மெய்யை அடுத்தே உயிர் தோன்றும் என்பது தொல்காப்பியர் துணிபு. கெ என்பதில் கொம்பு முன்னே எழுதப்படினும், யூனிக்கோடு ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைத்தே சேமிக்கின்றது. முன்னைய எட்டுத்துணுக்கு முறைகளாகிய டிஸ்கியும் டாபும் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் கொம்பை முன் வைத்தன. அவற்றில் இடஞ்சுட்டி கொம்பிற்கும் ககரத்திற்கும் நடுவே நின்று எழுத்தைப் பிளந்தது. இன்னும், புள்ளி நீங்கிய மெய் அகரத்தோடு தன் உருவிலேயே நிற்கும், ஏனை உயிரோடு உருவு திரியும் என அவர் வரிவடிவ நிலையிற் கூறியதும் யூனிக்கோட்டின் அமைப்போடு முரணாது. எனவே குறியீட்டு முறையை இலக்கணப் பகை எனக் கூறுதல் மிகையாகும்.

எழுத்துரு செய்வோரே பொறுப்பு என்பார் மற்றொரு சாரார். ஓப்பன்டைப் எழுத்துருவில், கூட்டு வடிவத்தினுள்ளே இடஞ்சுட்டி எங்கு நிற்கலாம் எனக் குறிக்க ஓர் அட்டவணைக்கு இடமுண்டு. ஆயின் தமிழில் ஓரெழுத்தின் உள்ளே இடஞ்சுட்டி நிற்கவேண்டிய தேவை இல்லை. ஆதலின் எழுத்துருவின்மேல் ஏற்றப்படும் குறை பெரும்பாலும் பிறிதொன்றன் குறையே.

திருத்தியின் கணக்கே குறையுடையது என்பது மூன்றாவது கருத்து. யாம் உடன்படுவது இதுவே. பெருக்கிக் காணும் முறையை விடுத்து, எழுத்தை வரையும் பொறியையே ஒவ்வோர் எழுத்துக்கொத்தும் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது எனக் கேட்டறிதல் முறை. ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்புப் பொறிகள் இவ்விவரத்தைத் தருகின்றன. 2020 இல் வெளிவந்த ஈமாக்ஸ் 27 முதல் அத்திருத்தி ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகின்றது. யூனிக்கோட்டின் எழுத்துக்கொத்து விதியும் தமிழின் நி என்பதை எடுத்துக்காட்டாகவே காட்டி, அதனை ஓர் அலகென வகுத்துள்ளது. அவ்விதிப்படி கொற்றவை நான்கு அலகே. நம் எழுத்தெண்ணிக்கையும் அதுவே.

இவ்விதிக்கும் ஓர் எல்லையுண்டு. க்ஷ என்பதனை எழுத்துரு ஒரே வடிவமாக வரையினும், விதி அதனை க் எனவும் ஷ எனவும் இரண்டாகப் பகுக்கும். 2023 இல் வந்த யூனிக்கோடு 15.1, தேவநாகரி, மலையாளம் முதலிய ஆறு எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஓர் அலகாக்கியது. தமிழ் அதிற் சேரவில்லை. இதனைப் புறக்கணிப்பு எனக் கருதுவாரும் உளராகலாம். அது பொருந்தாது. தமிழில் ஒற்றும் உயிர்மெய்யும் கூட்டெழுத்தாவதில்லை. பொதுவிதி வந்திருப்பின் பக்கம் என்பதன் இடையிலுள்ள க்க என்பதும் ஓரெழுத்தாகிவிடும். தமிழைச் சேர்க்காமையே தமிழ் மரபிற்கு இயைந்தது. க்ஷ, ஸ்ரீ ஆகிய கிரந்தக் கூட்டுகளுக்கு மட்டும் திருத்திகள் புறனடை வகுத்துக்கொள்ளல் அமையும்.

6. அழித்தலும் ஆராய்ச்சியும்

அம்பு விசை எழுத்தாக நகர, பின்நீக்கு விசை குறியெண்ணாக அழித்தல் பல திருத்திகளின் வழக்கம். இவ்விருமையைக் குறை என்னாது, கி எனத் தவறி எழுதியவர் குறியை மட்டும் நீக்கி கு எனத் திருத்த வாய்ப்பளிப்பது எனலாம். ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. ஒகர உயிர்மெய்யை யூனிக்கோட்டில் இருவகையாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண், அல்லது ககரமும் கொம்பும் காலுமாக மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கொடு என்னும் சொல்லிற் கொ என்பதன்பின் இடஞ்சுட்டியை நிறுத்திப் பின்நீக்கு விசையை ஒருமுறை அழுத்தினால், முதல்வகையில் ககரம் எஞ்சும்; இரண்டாம் வகையில் காலொன்றே மறைந்து, கொடு என்பது கெடு என்றாகும். பொருளற்ற சொல் எஞ்சின் மெய்ப்பு நோக்குவோர் கண்டுகொள்வர். பொருளுடைய மாற்றுச்சொல் எஞ்சின் எவர் கண்டுகொள்வர்? ஆதலின் பாடத்தைத் திருத்தத் தொடங்குமுன் அனைத்தையும் ஒருவகைச் சேமிப்பிற்கு ஒருமைப்படுத்தல் இன்றியமையாதது.

செவ்வையான இடஞ்சுட்டி பிழையைக் காட்டும் உரைகல்லாகவும் பயன்படும் என்பதைக் குறிப்பிடல் வேண்டும். வௌவால் என்னும் சொல்லை ஔகாரக் குறியிட்டு எழுதலாம். அறியாதார் கொம்பும் ளகரமும் இட்டு வெளவால் எனவும் எழுதுவர். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றத்தன. தேடுங்கால் ஒன்று மற்றொன்றிற்கு அகப்படாது. அகரவரிசையிலும் வேறுவேறு இடம் பெறும். எழுத்தறிந்த திருத்தியில் முதலாவது மூன்று நகர்வு, இரண்டாவது நான்கு. கண் காணாத பிழையை விசை காட்டிவிடுகின்றது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. இடஞ்சுட்டியின் பிறழ்ச்சி, எண்ணும் அலகும் வரையும் அலகும் வேறாவதால் எழுவது. எழுத்துரு அதனை வெளிப்படுத்தும், பெரும்பாலும் தோற்றுவிப்பதன்று. எழுத்துருவை மாற்றுதல் தற்காலிக மருந்தாகும். கணக்கைத் திருத்துதலே தீர்வாகும். நகர்வதற்கு எழுத்தும், இடம் காண்பதற்கு வரையும் பொறியின் அளவும் அலகாதல் வேண்டும்.

பதிப்புப் பணியில் இருப்போர் ஒரு திருத்தியை ஏற்குமுன், கொற்றவை, நீதி, வௌவால் போன்ற சில சொற்கள் அடங்கிய நீண்ட வரி ஒன்றனை இட்டு மேற்கூறிய சோதனைகளைச் செய்துகொள்ளல் நன்று. எந்த ஏட்டைக் கண்டோம், எந்தப் பாடத்தைக் கொண்டோம் என முன்னுரையில் எழுதுவது பதிப்பாசிரியர் மரபு. எக்கருவியால் திருத்தினோம், எவ்வகைச் சேமிப்பிற்கு ஒருமைப்படுத்தினோம் என்பதனையும் அங்கு ஒரு வரி சேர்த்தெழுதுதல் இனி வேண்டற்பாலது. யாம் திருத்திய உரைநூலுக்கு அவ்வரியை எழுதினோம். அதற்குமுன் திருத்திய பக்கங்கள் அனைத்தையும் ஏட்டோடு மீண்டும் முதலிலிருந்து ஒப்புநோக்கி வருகின்றோம்.